தர்க்கத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்க்கம் உண்மையைக் காட்டுமா, ஏமாற்றுமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் ஏறத்தாழ இதே ஐயங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். முதல் மூன்று பதில்கள் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. அவற்றைத் தாண்டிவிட்டுப் பின்னால் உள்ளவற்றைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

தர்க்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்? சாமர்த்தியமாகப் பேசுவதையா?

இல்லை. சில கூற்றுகளை ஒப்புக்கொண்டால் வேறு எந்தக் கூற்றை ஒப்புக்கொண்டே தீரவேண்டும் என்று பார்ப்பதுதான் தர்க்கம். அளவையியல் என்றும் சொல்வோம். ஒப்புக்கொண்டு தொடங்கும் கூற்றுக்கு எடுகூற்று என்று பெயர். அதிலிருந்து வந்து சேர்வது முடிவு. "எல்லாப் பாலூட்டிகளுக்கும் நுரையீரல் உண்டு", "திமிங்கலம் பாலூட்டி" ஆகிய இரண்டும் எடுகூற்றுகள். "திமிங்கலத்துக்கு நுரையீரல் உண்டு" என்பது முடிவு. முதல் இரண்டையும் ஏற்றவர் மூன்றாவதை மறுக்க வழியே இல்லை.

தர்க்கப்படி சரி என்றால் அது உண்மைதானே?

பாதிக் குழப்பம் இந்தக் கேள்வியில்தான் பிறக்கிறது. வாதத்தின் வடிவம் சரியாக இருப்பது வேறு, முடிவு உண்மையாக இருப்பது வேறு. "எல்லாப் பறவைகளும் பறக்கும், பெங்குவின் ஒரு பறவை, ஆகவே பெங்குவின் பறக்கும்." வடிவத்தில் ஒரு குறையும் இல்லை, முடிவு பொய். இன்னொன்றைப் பாருங்கள்: "எல்லா மீன்களுக்கும் நுரையீரல் உண்டு, திமிங்கலம் ஒரு மீன், ஆகவே திமிங்கலத்துக்கு நுரையீரல் உண்டு." வடிவம் சரி, எடுகூற்று இரண்டுமே பொய், ஆனால் முடிவு உண்மை!

தர்க்கம் தரும் உறுதி ஒன்றே ஒன்று. எடுகூற்றுகள் எல்லாம் உண்மையாக இருந்து, வடிவமும் சரியாக இருந்தால், முடிவு பொய்யாக முடியாது. தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோகும் குழாயைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் என்ன இருக்கிறதோ அதுதான் மறுமுனைக்கு வந்து சேரும்.

அப்படியானால் எடுகூற்று உண்மையா என்று யார் சொல்வது?

தர்க்கம் சொல்லாது. பார்ப்பது, அளப்பது, சோதிப்பது, நம்பத்தக்க சாட்சியைக் கேட்பது என்று வேறு வழிகளில்தான் அது தெரியவேண்டும். ஓர் எடுகூற்றை இன்னொரு வாதத்தின் முடிவாக நிறுவலாம். ஆனால் அந்த வாதத்துக்கும் எடுகூற்றுகள் உண்டு. சங்கிலி எங்காவது ஓரிடத்தில் காட்சியிலோ ஒரு துணிபிலோ போய்த்தான் நிற்கும்.

எதையும் பார்க்காமல் தர்க்கம் தானாகவே சொல்லக்கூடிய ஒன்று உண்டு. இந்தக் கூற்றுகள் எல்லாம் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்று அது சொல்லும். ஒருவரை ஒன்பது மணிக்கு வீட்டில் பார்த்ததாக ஒரு சாட்சியும், அதே ஒன்பது மணிக்கு அவரை அலுவலகத்தில் பார்த்ததாக இன்னொரு சாட்சியும் சொன்னால், யார் தவறு என்று தர்க்கத்துக்குத் தெரியாது. ஒருவராவது தவறு என்பது மட்டும் உறுதி. எங்கள் மதிப்பில் தர்க்கத்தின் மிக உறுதியான சேவை இதுதான். நிறுவுவதைவிடத் தகர்ப்பதில்தான் அது கெட்டிக்காரன்.

சில உண்மைகள் தாமாகவே தெளிவாக இருக்குமே, அவற்றிலிருந்து தொடங்கினால் போதாதா?

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரைய முடியும் என்பதை யூக்ளிடின் வடிவியல் ஏற்றுக்கொண்டு தொடங்குகிறது. முக்கோணத்தின் கோணங்கள் கூடினால் 180 பாகை என்பது அதிலிருந்து வருகிறது. கணிதவியலாளர்களான லோபசெவ்ஸ்கி 1829இலும் போயாய் 1832இலும் அந்த எடுகூற்றை மாற்றிவிட்டு, உள்முரண் ஏதும் தட்டாத வேறொரு வடிவியலையே கட்டிக்காட்டினார்கள்.

எடுகூற்று மாறினால் முடிவும் மாறும் என்பதை ஒரு பந்தில் நீங்களே பார்க்கலாம் (இது அவர்கள் கட்டிய வடிவியல் அல்ல, இன்னொரு வகை). வட துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு நேராக ஒரு கோடு இறக்குங்கள். நிலநடுக்கோட்டின் மேல் பந்தின் சுற்றளவில் கால்பங்கு தூரம் போங்கள். அங்கிருந்து மறுபடி துருவத்துக்கு ஏறுங்கள். மூன்று மூலையிலும் செங்கோணம், கூட்டினால் 270 பாகை. தாள் தட்டை என்பது நாம் சொல்லாமலே சேர்த்துக்கொண்ட எடுகூற்று.

முடிவு சரியாகத்தான் இருக்கிறது. பிறகு வாதத்தில் குறை காண்பது எதற்கு?

மேலே சொன்ன மீன்-திமிங்கல வாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வாதத்தை நம்பி இன்னொரு முடிவுக்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். முடிவு பிடித்திருந்தால் ஓட்டை வாதத்தையும் ஏற்றுக்கொள்வதும், முடிவு பிடிக்காவிட்டால் நல்ல வாதத்தையும் தள்ளுவதும் மனித இயல்பு. 1983இல் எவன்ஸ், பார்ஸ்டன், போலார்டு என்ற உளவியலாளர்கள் மூவரும் இதைச் சோதனையில் காட்டினார்கள். ஆகவே பிடித்த முடிவு வரும்போதுதான் இருமடங்கு கவனம் வேண்டும்.

மனிதன் பகுத்தறிவுள்ள விலங்குதானே? தர்க்கம் இயல்பாகவே வராதா?

ஒரு சோதனை. நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவது: அ, க, 4, 7. விதி: "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்." விதி பொய்யா என்று கண்டுபிடிக்க எந்தெந்த அட்டைகளைத் திருப்பியே ஆகவேண்டும்? மேலே படிக்குமுன் விடையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் "அ, 4" என்பார்கள், அல்லது "அ" மட்டும் என்பார்கள். விடை அ, 7. 4க்குப் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதி உடையாது; இரட்டை எண்ணுக்குப் பின்னால் உயிரெழுத்துதான் இருக்கவேண்டும் என்று விதி சொல்லவே இல்லை. 7க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால்தான் விதி உடையும். உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் எழுதிய இந்தச் சோதனையில் தனியாளாகச் சரியாகச் சொல்பவர்கள் பொதுவாகப் பத்தில் ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். ஆனால் 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் இருவரும் அதே வடிவத்தை "பீர் குடிப்பவர் 19 வயதைத் தாண்டியிருக்கவேண்டும்" என்று மாற்றிக் கேட்டபோது ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள். பழகிய பொருளில் தர்க்கம் ஓடுகிறது. வெறும் குறியீடுகளில் தடுமாறுகிறது.

மூளை இவ்வளவு தடுமாறும் என்றால் அதை நம்பி எதை நிறுவ முடியும்?

கண்ணால் மதிப்பிட்டால் நீளம் தவறும், அளவுகோல் வைத்தால் தவறாது. தர்க்கத்துக்கும் அப்படியே. மனக்கணக்காகச் செய்வதைத் தாளில் படிப்படியாக எழுதி, முடிவில் ஆதாயம் இல்லாத இன்னொருவரிடம் கொடுத்தால் பிழை பெருமளவு குறைகிறது. 1998இல் மோஷ்மன், கீல் இருவரும் மேற்கண்ட அட்டைச் சோதனையைக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தினார்கள். தனியாகச் செய்தவர்களில் 9 விழுக்காட்டினரே சரியான விடை சொன்னார்கள். ஐந்தாறு பேர் கூடிப் பேசிய குழுக்களில் 75 விழுக்காடு சரியாகச் சொன்னது.

மூளை உயிர் பிழைக்கத்தான் உருவானது, உண்மை காண அல்ல என்பார்கள். அதனால் அது உண்மையே காணாது என்று ஆகிவிடாது. சோதனை இல்லாமல் அதை நம்பக்கூடாது என்பதுதான் அதிலிருந்து வரும் முடிவு.

ஆயிரம் முறை சரியாக வந்திருக்கிறது. இன்னும் என்ன நிரூபணம் வேண்டும்?

ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 0 போட்டால் 41. 1 போட்டால் 43. 2க்கு 47, 3க்கு 53. எல்லாம் பகா எண்கள். 39 வரை போட்டுப் பாருங்கள், நாற்பது முறையும் பகா எண்ணே வரும். 40 போட்டால் 1600 + 40 + 41 = 1681. அது 41 × 41. விதி உடைந்தது.

நாற்பது குறைவு என்றால் இன்னொன்று. 1919இல் கணிதவியலாளர் போல்யா ஓர் ஊகம் சொன்னார். 1க்கு மேற்பட்ட எந்த எண்ணை எடுத்தாலும், அதுவரை உள்ள எண்களில் பாதிக்குக் குறையாதவற்றுக்குப் பகாக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும் என்பது அது. 90 கோடியே 61 லட்சத்து 50 ஆயிரத்து 256 வரை அது சரி. அடுத்த எண்ணில் தவறு. பார்த்ததிலிருந்து பார்க்காததற்குப் போகும் எந்த வாதத்துக்கும் முழு உறுதி கிடையாது. மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே இதை அழுத்தமாகச் சொன்னார். அதற்காக அந்த வகை வாதத்தை விட்டுவிட முடியாது, அறிவியல் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. "உறுதி" என்று சொல்லவேண்டாம், "இதுவரை உடையவில்லை, உடைக்க இவ்வளவு முயன்றோம்" என்று சொல்லுங்கள்.

ஒரே தர்க்கம் ஒருமுறை உண்மைக்கும் மறுமுறை பொய்க்கும் கொண்டுபோகுமா?

போகும். அதற்கு வானவியலில் ஓர் அருமையான சான்று இருக்கிறது, ஆளும் ஒருவரே. 1781இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ், நியூட்டனின் விதிப்படி கணக்கிட்ட பாதையிலிருந்து சற்று விலகியே சென்றது. பிரெஞ்சு வானவியலாளர் லெவெரியே இப்படி வாதித்தார்: நியூட்டன் விதி சரி, தெரிந்த கோள்களின் இழுப்பு எல்லாம் கணக்கில் வந்தாயிற்று, இருந்தும் பாதை விலகுகிறது, ஆகவே தெரியாத ஒரு கோள் இழுக்கிறது. அது எங்கே இருக்கும் என்றும் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் யோகான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது.

புதன் கோளும் இப்படியே விலகியது. அதன் பாதையில் சூரியனுக்கு மிக நெருங்கிய புள்ளி, கணக்கைவிடச் சற்று வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. 1859இல் லெவெரியே அதே வாதத்தை வைத்தார்: புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே தெரியாத பொருள் இருக்கிறது. வல்கன் என்று அந்தக் கோளுக்குப் பெயர்கூட வைத்தாயிற்று, பார்த்ததாகவும் சிலர் சொன்னார்கள். அப்படி ஒரு கோள் இல்லை. நூற்றாண்டுக்கு 43 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) அளவுள்ள அந்த மிச்ச விலகலை 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் விளக்கியது. தவறு நியூட்டன் விதியிலேயே இருந்தது.

இரண்டு முறையும் தர்க்கம் சொன்னது ஒன்றுதான்: உங்கள் எடுகூற்றுகளில் ஏதோ ஒன்று பொய். எது பொய் என்று தேர்ந்தெடுத்தது லெவெரியே. முதல்முறை "வேறு கோள் இல்லை" என்ற எடுகூற்று பொய், இரண்டாவது முறை "நியூட்டன் விதி சரி" என்ற எடுகூற்று பொய். இரண்டு சாட்சிகளைப் பற்றி முன்பு சொன்னதும் இதே நிலைதான். எதை விடுவது என்பதை வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டியிருந்தது.

90 விழுக்காடு சரியான சோதனையில் நோய் இருப்பதாக வந்தால், இருக்க 90 விழுக்காடு வாய்ப்பு என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஆயிரம் பேரில் 10 பேருக்கு அந்த நோய் இருக்கிறது என்று கொள்வோம். சோதனை அவர்களில் 9 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 9 விழுக்காட்டினருக்குத் தவறாக "உண்டு" என்று சொல்லும் என்றால் அது 89 பேர். ஆக "உண்டு" என்று வந்தவர்கள் 98 பேர், உண்மையில் நோயுள்ளவர்கள் 9 பேர். வாய்ப்பு ஏறத்தாழ 9 விழுக்காடு.

"நோய் இருந்தால் சோதனை காட்டும்" என்பதும் "சோதனை காட்டினால் நோய் இருக்கும்" என்பதும் ஒன்றென மயங்குவதுதான் இங்கே நடக்கிறது. அட்டைச் சோதனையில் 4ஐத் திருப்பியவர்கள் செய்ததும் இதே தவறுதான். ஒரு கவனம்: அறிகுறிகளோடு வந்தவருக்கு ஆயிரத்தில் பத்து என்ற தொடக்க எண் பொருந்தாது, அவருக்கு விடையும் வேறாக வரும்.

ஒருவர் ஒரு வாதத்தை முன்வைத்தால் அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

முதலில் முடிவை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அங்கே வாதமே இல்லை. அடுத்து எடுகூற்றுகளை எண் போட்டு எழுதுங்கள். பிறகுதான் முக்கியமான வேலை: சொல்லாமல் விட்ட எடுகூற்றைத் தேடுங்கள். "அவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, ஆகவே பொய் சொல்கிறார்" என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். இது நிற்கவேண்டுமானால் "கண்ணைப் பார்க்காதவர் எல்லாம் பொய்யர்" என்பது தேவை. சொல்பவர் மனதில் இருப்பதோ "பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார்" என்பது. இரண்டும் வேறு. கூச்சப்படுபவரும் கண்ணைப் பார்க்கமாட்டார்.

வடிவத்தில் ஐயம் இருந்தால், அதே வடிவத்தில் வேறு பொருளைப் போட்டுப் பாருங்கள். "மழை பெய்தால் தரை நனையும், தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது." யாராவது தண்ணீர் ஊற்றியிருக்கலாம். ஓர் இடத்தில் உடையும் வடிவத்தை எந்த இடத்திலும் நம்பவேண்டாம். கடைசியாக ஒவ்வொரு எடுகூற்றுக்கும் பக்கத்தில் "இது எப்படித் தெரியும்?" என்று எழுதி நிரப்புங்கள். நிரப்ப முடியாத இடம்தான் வாதத்தின் பலவீனம்.

ஒவ்வொரு படியும் நம்பும்படிதான் இருக்கிறது. முடிவுதான் நம்பமுடியவில்லை. என்ன செய்ய?

படிகளை எண்ணுங்கள். ஐந்து எடுகூற்றுகள், ஒன்றையொன்று சாராதவை, ஒவ்வொன்றும் 90 விழுக்காடு நம்பத்தக்கது என்றால், ஐந்தும் சேர்ந்து உண்மையாக இருக்கும் வாய்ப்பு 59 விழுக்காடுதான். பத்து என்றால் 35. நீண்ட சங்கிலி இப்படித்தான் ஏமாற்றும்.

தவிர, வாதத்தைத் திருப்பியும் ஓட்டலாம். முடிவு பொய் என்பதற்கு வலுவான தனிச் சான்று இருந்தால், எடுகூற்றுகளில் ஒன்று பொய் என்று கொள்வது முழுக்க முழுக்கத் தர்க்கத்துக்கு உட்பட்டதுதான். முடிவு பிடிக்கவில்லை என்பது மட்டும் சான்றாகாது.

இந்தத் தர்க்கமெல்லாம் மேற்கிலிருந்து வந்ததுதானே? நம் மரபுக்கு வேறு தர்க்கம் இல்லையா?

நம் மரபிலும் தர்க்கம் விரிவாக இருக்கிறது, தவறுகளைப் பட்டியல் போடுவதில் மிகக் கறாராகவும் இருக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம் (நிறுவவேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்ற ஐந்து உறுப்புகளைச் சொல்லிவிட்டு, வாதம்போலத் தோன்றும் போலிகளையும் வகுக்கிறார். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று துணிந்து நெருப்பு உண்டு என்று முடிவு செய்வது அவற்றில் ஒன்று. எடுகூற்றைச் சரிபார்க்காமல் ஓடுகிற தவறுதான் அது.

"மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு, அடுக்களைபோல" என்ற வடிவம் எடுத்துக்காட்டைக் கட்டாயமாகக் கேட்கிறது. எங்கே பார்த்தாய் என்ற கேள்வி வாதத்துக்குள்ளேயே இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் வடிவம் அதைக் கேட்பதில்லை. ஆனால் புகையிலிருந்து நெருப்புக்குப் போகலாம், நெருப்பிலிருந்து புகைக்குப் போகக்கூடாது (பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை இல்லை) என்பதில் இரு மரபுகளுக்கும் வேறுபாடே கிடையாது.

கணிதத்தில் நிரூபித்துவிட்டால் அது மாறவே மாறாது அல்லவா?

நிரூபணம் சரியாக இருந்தால் மாறாது. சரியா என்று பார்ப்பது மனிதர்கள். அடுத்தடுத்த பகுதிகள் ஒரே வண்ணத்தில் வராமல் எந்த நாட்டு வரைபடத்துக்கும் வண்ணமிட நான்கு வண்ணங்கள் போதும் என்பதற்கு 1879இல் கெம்பே தந்த நிரூபணத்தை எல்லாரும் ஏற்றார்கள். 1890இல் ஹீவுட் அதில் ஓட்டை கண்டுபிடித்தார், பதினோரு ஆண்டு கழித்து. 1976இல் அப்பல், ஹாக்கன் இருவரும் கணினி உதவியோடு அதை நிரூபித்தார்கள். 2005இல் கோந்தியே ஒவ்வொரு படியையும் கணினியே சரிபார்க்கும் வடிவில் எழுதி முடித்தார். கூற்று முதலிலிருந்தே உண்மைதான்; அதை அறிந்ததாக நாம் நினைத்த காரணம்தான் பொய்.

தர்க்கம் முழுமையற்றது என்று கோடெல் நிரூபித்துவிட்டாரே?

குர்ட் கோடெல் 1931இல் நிரூபித்தது இது: இயல் எண்களின் கணக்கை உள்ளடக்கிய, முரணில்லாத, விதிகளை எந்திரம்போலச் சரிபார்க்கக்கூடிய எந்த முறைமையிலும், அதற்குள் நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத கூற்றுகள் இருக்கும். தன்னிடம் முரணில்லை என்பதையும் அம்முறைமை தனக்குள்ளேயே நிரூபிக்க முடியாது. எண்கணிதத்துக்கான எடுகூற்றுப் பட்டியல் ஒருபோதும் நிறைவடையாது என்பது இதன் பொருள். தர்க்கம் பொய் சொல்லும் என்பது இதில் எங்கும் இல்லை. அதற்குச் சற்று முன்புதான், அடிப்படைத் தர்க்கத்தில் எடுகூற்றுகளிலிருந்து தொடர்வது எதுவோ அதை விதிகளால் வருவித்தே தீரலாம் என்பதையும் அதே கோடெல் நிரூபித்திருந்தார். இதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

குவாண்டம் இயற்பியலில் ஒரு பொருள் ஒரே நேரத்தில் இருக்கவும் இல்லாமலும் இருக்கலாமாமே? அப்போது தர்க்கம் உடைந்துவிடாதா?

நீங்கள் சொல்வதை மேற்பொருந்திய நிலை என்பார்கள். அது "இருக்கிறது, இல்லை" என்ற முரண் அல்ல; தெளிவான கணிதம் உள்ள மூன்றாவது வகை நிலை அது. 1936இல் பிர்காஃப், ஃபான் நாய்மன் இருவரும் குவாண்டம் கூற்றுகளுக்கென்றே, வழக்கமான ஒரு விதியைத் தளர்த்திய தர்க்கத்தை முன்வைத்ததும் உண்மை. ஆனால் அதைப் பற்றிய வாதங்களை அவர்கள் வழக்கமான தர்க்கத்தில்தான் நடத்தினார்கள்.

எது நல்லது, எது கெட்டது என்பதைத் தர்க்கத்தால் முடிவு செய்யலாமா?

"இப்படி இருக்கிறது" என்ற எடுகூற்றுகளிலிருந்து மட்டும் "இப்படிச் செய்யவேண்டும்" என்ற முடிவு வராது. எங்காவது ஒரு "வேண்டும்" முன்பே உள்ளே நுழைந்திருக்கும். அதைத் தேடி வெளியே எடுப்பதுதான் தர்க்கத்தின் பங்கு. வாதத்தைப் பிரிப்பது பற்றிச் சொன்ன அதே முறைதான்.

தர்க்கம் நம்பகமானது என்பதை எதை வைத்து நிரூபிப்பீர்கள்? தர்க்கத்தை வைத்துத்தானே?

ஆம், வட்டம்தான். 1895இல் லூயிஸ் கரோல் இதைக் கூர்மையாகக் காட்டினார். "எடுகூற்றுகளை ஏற்கிறேன், முடிவை ஏற்கமாட்டேன்" என்று ஒருவர் அடம்பிடித்தால், "எடுகூற்றுகளை ஏற்றால் முடிவை ஏற்கவேண்டும்" என்பதை இன்னோர் எடுகூற்றாகச் சேர்ப்பீர்கள். அதையும் ஏற்றுக்கொண்டு, முடிவை மறுபடி மறுப்பார். இன்னொன்று சேர்ப்பீர்கள். முடிவே வராது. தர்க்க விதி என்பது நம்பவேண்டிய இன்னொரு கூற்றாக இல்லாமல், கூற்றுகளைக் கொண்டு நாம் செய்யும் செயலாக இருப்பதால் இப்படி ஆகிறது.

ஆனால் இந்த வட்டத்திலிருந்து எதிர்த்தரப்பும் தப்பமுடியாது. "மனிதத் தர்க்கம் நம்பத்தகாதது, ஏனென்றால்..." என்று ஒருவர் தொடங்குகிறார். அந்த "ஏனென்றால்" என்ற சொல்லுக்குப் பிறகு வருவதை நாம் ஏற்கவேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதும் தர்க்கத்தை நம்பித்தான்.